கசியாத கல்லும் தேய்ந்துபோன மூசையும்

1

அன்று ஸ்டோர் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். எண்ணித்தான் சொல்கிறேன், பின்னால் கான்டீனில் "நானும் அங்கே இருந்தேன்" என்று சொல்லித் திரிந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. மேசைக்குப் பின்னால் ஸ்டோர் ஆபீசர் குறுப்பு சார். அவருக்குப் பக்கத்தில் கணக்குப் பிரிவு வர்க்கீஸ் சார். ஜன்னலோரம், வெள்ளைக் கோட்டின் பைகளில் கைகளை விட்டபடி எங்கள் ஆய்வுக்கூடத்து டாக்டர் சுலோசனா மேடம். கதவோரம் நான், இசக்கிமுத்து, தினக்கூலி உதவியாள், வயது அப்போது நாற்பத்தொன்று, படிப்பு ஏழாவது, அதுவும் பாதி. ஐந்தாவதாகத் தராசுத் தட்டில் ஒரு மூசை. நம் ஊர்ப் பத்தர் பொன் உருக்க வைத்திருப்பாரே, அது மாதிரிதான். ஆனால் இது பிளாட்டினத்தில் செய்தது. டீ கிளாஸில் பாதி உயரம்கூட இருக்காது. விலையோ பொன்னுக்கும் மேலே என்பார்கள்.

வருஷாந்திரக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்காலி, மேசை, ஸ்டூல் எல்லாவற்றையும் எண்ணினால் போதும். பிளாட்டினத்தை மட்டும் எடை போட வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் ஸ்டோர் தராசு ரிப்பேரில் இருந்ததால், எடை போடாமலேயே 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அந்த வருஷம் தராசுக்கு உடம்பு தேறிவிட்டது. எனக்குத்தான் ஆகாத காலம்.

குறுப்பு சார் இரண்டு தடவை எடை போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் போட்டார். பேரேட்டில் இருந்தது முப்பத்தொன்று புள்ளி எட்டு ஆறு பூஜ்யம் கிராம். தராசு காட்டியது முப்பது புள்ளி ஆறு ஒன்று எட்டு.

"ஒண்ணே கால் கிராம் குறவுண்டு," என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எவிடெப் போயி, அண்ணாச்சி?"

இந்தத் திருவனந்தபுரத்தில் தமிழ் பேசுகிறவன் மளிகைக்கடை வைத்திருந்தாலும் சரி, கட்டட வேலைக்குக் கல் சுமந்தாலும் சரி, அவன் அண்ணாச்சிதான். பிரியம் இருந்தால் அண்ணாச்சி, கோபம் வந்தால் பாண்டி. அன்றைக்கு இன்னும் அண்ணாச்சியில்தான் இருந்தேன்.

மூசை வைக்கிற அலமாரிச் சாவி மேடத்திடம். வாங்கிக்கொண்டதற்குப் பேரேட்டில் இருக்கும் கையெழுத்தும் மேடத்துடையது. கேள்வி மட்டும் கதவோரம் நின்றவனுக்கு. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குறுப்பு சார் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மேடம் சயன்டிஸ்ட் ஆணு. இது ஸ்டோர் விஷயம்."

"எனக்குத் தெரியாது சார்," என்றேன். என் குரல் எனக்கே திருடன் குரலாகக் கேட்டது.

"பத்தர் கடையில கேட்டா தெரியுமோ?" என்றார் வர்க்கீஸ் சார், பேனா மூடியைக் கடித்தபடி. அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். மறுநாளே கான்டீனில் எனக்குப் 'பிளாட்டினம் அண்ணாச்சி' என்று பேர் விழுந்துவிட்டது.

அந்த நாள் நடந்து இன்றோடு இரண்டு வருஷம் நிறைகிறது. கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு கதையாக என்னிடமே சொல்கிறீர்கள். நடந்ததை நானே எழுதிவிட்டால், அடுத்த கொடைக்காவது நிம்மதியாக உட்கார்ந்து வில்லுப்பாட்டுக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

2

முதலில், நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. களியக்காவிளை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஒருவர் பஸ்ஸுக்குள் ஏறி, காலடியில் அரிசி மூட்டை இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். நான் கடந்த கடல் அவ்வளவுதான். ஆனால் அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டியதும் எழுத்து மாறிவிடுகிறது, ரேஷன் கார்டு மாறிவிடுகிறது, பெற்ற பிள்ளையின் பேர்கூட மாறிவிடுகிறது. என் மகள் வீட்டில் பேச்சியம்மாள், பள்ளிக்கூடத்தில் பிரேமா. கேட்டால், "பேச்சின்னு சொன்னா கிளாஸ்ல சிரிக்குறாங்க அப்பா," என்கிறாள். எங்கள் குலதெய்வத்தைப் பார்த்துத் திருவனந்தபுரத்தில் ஒன்பதாம் வகுப்புச் சிரித்திருக்கிறது.

வந்த புதிதில் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பாத்திரம் தேய்த்தேன். ஒன்பது வருஷம். பித்தளை அண்டா, உருளி, சாம்பார் வாளி. கைக்குத் தேங்காய் நாரும் மணலும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிற ஆபீஸ்காரர் ஒருவர்தான், ஆய்வுக்கூடத்தில் தினக்கூலிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். இன்டர்வியூவில் என்ன தெரியும் என்று கேட்டார்கள். பாத்திரம் நன்றாகக் கழுவுவேன் என்றேன். அதுவே என் தகுதியாகவும் பின்னால் குற்றமாகவும் ஆனது.

அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்கள். என் மைத்துனர், "அவன் அணுகுண்டு ஆபீஸ்ல இருக்கான், கைப்பிள்ளைய அவங்கிட்டக் குடுக்காதிய," என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். நாலு வருஷமாக எந்தக் குழந்தையும் என் மடியில் ஒன்றுக்குப் போனதில்லை.

குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அணு உலையில் மின்சாரம் எடுத்து முடித்த பிறகு ஒரு கழிவு மிஞ்சுகிறது. அது எத்தனையோ ஆயிரம் வருஷம் அடங்காது. தண்ணீரில் கரைந்து வெளியே வந்தால் கிணற்றுக்குள் போகும், மீனுக்குள் போகும், நமக்குள்ளும் போகும். அதை எதற்குள் பூட்டி வைப்பது என்பதுதான் சுலோசனா மேடத்தின் ஆராய்ச்சி. டப்பாவில் போட்டால் டப்பா துருப்பிடிக்கும். அதனால் கழிவையே சேர்த்துக் கல்லாகச் சுட்டுவிடுவது. முதல் வாரம் நான் பயந்து ஒதுங்கி நின்றபோது மேடம் சொன்னார்:

"அண்ணாச்சி, இது வீட்டுக்குள்ள ஆளைப் பூட்டுறது போல அல்ல. ஆளையே செங்கல்லாக்கி சுவர்ல வைக்கிறது. செங்கல் வீட்டை விட்டு இறங்கி நடக்குமோ?"

மேடம் என்னைவிட ஆறேழு வயது சின்னவர். நாகர்கோவிலில் படித்தவர் என்பதால் தமிழ் வரும், மலையாளத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு வரும்.

இந்த யோசனையை அவர் கடற்கரையிலிருந்து எடுத்தார். இங்கே கடலோரத்தில் கறுப்பு மணல் கிடக்கும். அதில் மஞ்சளாகச் சில மணி உண்டு. அந்த மணி, கதிர் வீசுகிற தோரியத்தை மனுஷன் பிறப்பதற்கு முன்னாலிருந்தே தனக்குள் பிடித்து வைத்திருக்கிறதாம். கடல் அடித்து அடித்துப் பார்த்தும் விடவில்லை. அதே மாதிரி ஒரு கல்லை நாமே செய்ய வேண்டும். மாதிரிக்கென்று கொண்டுவந்த கறுப்பு மணல், எங்கள் அறை மூலையில் ஒரு சாக்கு நிறைய இருந்தது. அந்தச் சாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜக் கழிவு எங்களிடம் வரவே வராது. அதே குணமுள்ள, ஆனால் கதிர் வீசாத சரக்கைத்தான் கலப்போம். அதாவது குப்பையிலும் போலி. நான் அதைக் கல்வத்தில் மூன்று மணி நேரம் அரைப்பேன். மேடம் மூசையில் போட்டு மின்சார உலையில் பகல் முழுக்கச் சுடுவார். அந்தப் பொடியைப் பத்துப் பைசா அகலத்துக்கு வில்லையாக அழுத்தி மறுபடியும் சுடுவோம். பிறகு அந்தக் கல்லை வாரக்கணக்கில் தண்ணீரில் கொதிக்க வைத்து எடை பார்ப்போம். கல் இளைக்கக்கூடாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிராம் குறைந்தாலும் மேடத்தின் முகம் வாடிவிடும். யுகக்கணக்கில் ஒரு சொட்டுக்கூடக் கசியக்கூடாது என்று பேசிக்கொள்ளும் அந்த அறையில், எடவப்பாதி என்கிற தென்மேற்கு மழை வந்தால் கூரை ஒழுகும். உலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். ரிப்பேருக்கு எழுதிப்போட்டு அப்போதே இரண்டு மழைக்காலம் போயிருந்தது.

3

ஸ்டோர் அறையில் நடந்ததற்கு மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது. இங்கிலீஷில் ஒரு பக்கம். கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டுத் தூக்குக்குள் மடித்து வைத்துக்கொண்டு கரமனை வீட்டுக்கு வந்தேன். சட்டைப்பையில் வைத்தால் பஸ்ஸில் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயம். மெமோவை யார் திருடுவான் என்று இப்போது தோன்றுகிறது.

பேச்சிதான் படித்தாள். அப்போது பத்தாவது. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறலாம்.

"அப்பா, பிளாட்டினம் காணோம்னு எழுதியிருக்கு. உங்க மேல நடவடிக்கை எடுக்காம இருக்கக் காரணம் சொல்லணுமாம். ஏழு திவசத்துக்குள்ள. இங்கிலீஷ்லயோ மலையாளத்துலயோ."

"தமிழ்ல குடுத்தா?"

"எடுக்க மாட்டாங்க."

காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அப்பா எடுத்தோ?"

நான் பதில் சொல்வதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவி சண்முகத்தாய் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"யாரப் பாத்து என்ன கேள்வி கேக்க? பஸ்ஸுல கண்டக்டர் நாலணா கூடக் குடுத்துட்டான்னு மறுநா அதே பஸ்ஸுக்காவ ஒரு மணி நேரம் காத்துக் கெடந்த மனுசன்டீ இது! பயத்துல ஒரு பொய் சொல்லத் தெரியாது, இவரு பிளாட்டினம் திருடுதாராம்!"

என்னை இவ்வளவு கேவலமாக யாரும் புகழ்ந்ததில்லை.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "வேலைய விட்டு நிறுத்திருவாவளா?"

"தினக்கூலிதானே. நாளைக்கு வராதேன்னு சொன்னாப் போதும்."

"அப்பம் பொன்முடிக்குப் போயிருவோம். எந்தம்பி வேல பாக்குத எஸ்டேட்டுல கொழுந்து பறிக்க ஆள் வேணும்ன்னான்."

"நான் வரல்லா," என்றாள் பேச்சி. "அங்க கூலி லயத்து வீட்டுல இருந்து எந்த ஸ்கூலுக்குப் போறது? கீழ வித்துரா ஸ்கூலுக்கு இறங்கவே ஒரு பஸ்ஸு இல்ல. பத்தாவது பரீட்சை மார்ச்சுல."

அந்த வருஷம் நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலில் என் பேர் மூன்றாவதாக இருந்தது. அது வந்தால் சம்பளம் வரும், பேச்சி மேலே படிப்பாள். வராவிட்டால் பொன்முடி. என் மகளின் படிப்பு அந்த ஒண்ணே கால் கிராமில் தொங்கிக்கொண்டிருந்தது.

4

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்பதை ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உலையை அணைத்துவிட்டுக் கேட் வரை போவேன், திரும்பி வந்து அணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், மறுபடி கேட் வரை போய் மறுபடி வருவேன். வாட்ச்மேன் "அண்ணாச்சிக்குப் பிரதட்சிணம் எத்தனை?" என்று கேட்பார்.

அந்தப் பயத்தில்தான் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. தினமும் காலையில் மேடம் அலமாரியைத் திறந்து மூசையைக் கொடுத்ததும் எங்கள் அறைத் தராசில் எடை பார்த்து எழுதுவேன். சாயங்காலம் திருப்பிக் கொடுக்குமுன் எடை பார்த்து எழுதுவேன். நேற்றுச் சாயங்காலத்து எடையும் இன்று காலை எடையும் ஒன்றாக இருந்தால் அப்பாடா என்று மூச்சு விடுவேன். இரண்டு வருஷமும் ஒன்றாகவே இருந்தன. நான் இல்லாத நேரத்தில் யாரும் எடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, அந்த நோட்டைக் கட்டிலில் விரித்தேன். மெமோவுக்குப் பதில் இதில்தான் இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது.

ராத்திரி எடை குறையவே இல்லை. குறைந்ததெல்லாம் பகலில். திங்கள் முதல் வெள்ளி வரை காலைக்கும் மாலைக்கும் கடைசி இலக்கத்தில் ஏதோ கொஞ்சம். சனிக்கிழமை மட்டும் ஒன்பது மில்லிகிராம், பத்து, எட்டு, பதினொன்று. ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நான் இல்லாதபோது யார் எடுக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் காவல் காத்திருக்கிறேன். நான் இருக்கும்போது எடுத்தவனை ஒரு நாளும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மூசை கழுவும் நாள்.

மேடம் முதலிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். அமிலத்தில் கொதிக்க வைத்து எடுத்த பிறகும் அடியில் கறை இருந்தால், உருண்டையான மெல்லிய கடல் மணலை நனைத்து, விரல் நுனியால் மெதுவாகத் தடவ வேண்டும். அந்த மணல் தீர்ந்துபோனது. வாங்க எழுதிப்போட்டால் மூன்று மாதம். மூலையில் ஒரு சாக்குக் கறுப்பு மணல் சும்மா கிடந்தது. அது கூரான மணல், கெட்டியான மணல், ஓட்டலில் கிடைத்திருந்தால் அண்டா முகம் பார்க்கும்படி மின்னியிருக்கும். வீட்டிலிருந்து ஒரு பிடி தேங்காய் நார் கொண்டுபோனேன். ஒன்பது வருஷத் தொழில். வாரா வாரம் அந்தப் பிளாட்டினத்தை உருளி தேய்க்கிற மாதிரி முழங்கை நோகத் தேய்த்திருக்கிறேன். அது மின்னியது. ஒரு தடவை மேடமே "ஆஹா, புதுசு போல உண்டே!" என்றார். அந்தப் பாராட்டுக்கு அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மில்லிகிராம்.

நோட்டை மூடினேன். இதைக் காட்டினால் திருடன் என்ற பேர் போகும். ஆனால் சர்க்கார் சொத்தைத் தேய்த்து அழித்தவன் என்று வெளியே போகச் சொல்வார்கள். காட்டாவிட்டால் திருடன் என்றே வெளியே போகலாம். என்னை மாதிரி ஆளுக்கு இரண்டு கவலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொடுமை. நான் இரண்டையும் சேர்த்தே பட்டேன்.

5

திங்கட்கிழமை மேடத்திடம் நோட்டைக் கொடுத்தேன்.

"மேடம், திருடினது நான் இல்ல. ஆனா குறைச்சது நான்தான்."

எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். மேடம் விரலை வைத்துக் கீழே கீழே போனார். "எல்லா சனியாழ்ச்சயும்..." என்றார். "சனியாழ்ச்ச எந்தா செய்யுறது?"

"கழுவுறது மேடம்."

"எங்ஙனெ?"

நார், மணல், இடது கைப் பிடி, வலது கைச் சுழற்சி எல்லாவற்றையும் செய்து காட்டினேன். மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஈஸ்வரா! விரலால மெல்லன்னு சொன்னேன் அல்லே?"

"மெல்லத் தேய்ச்சா பளபளப்பு வராது மேடம்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அழுகையில் முடியுமோ என்று நான் பயந்தேன். முடியவில்லை. சிரிப்பு நின்றதும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது யாருக்கும் காட்டண்டாம் அண்ணாச்சி. நல்ல சூட்டுல பிளாட்டினம் தானாவே கொஞ்சம் காத்துல போகும். புஸ்தகத்துல உண்டு. முழுசும் அப்படிப் போயின்னு நான் எழுதித் தர்றேன். குறுப்பு சாருக்கு அது சரியா தப்பான்னு தெரியப் போறது இல்லை."

நல்ல மனசோடு சொன்னது. அவருக்கும் அதில் காரியம் இருந்தது. நான் எதை வைத்துத் தேய்க்கிறேன் என்று இரண்டு வருஷம் பார்க்காதது அவருடைய தப்பு. 'சரி மேடம்' என்று சொன்னால் போதும், பட்டியலில் பேர், பேச்சிக்குப் பள்ளிக்கூடம்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேச்சி கேட்டதுதான் காதில் விழுந்தது. அவளிடம் இன்னும் பதில் சொல்லவில்லை. காற்றில் போய்விட்டது என்று அவளையே எழுதச் சொல்ல வேண்டும். அவள் நம்ப மாட்டாள், எழுதுவாள். அதைவிட, பொய் ஒன்றை ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் தூசி தட்டிப் பாதுகாக்க வேண்டும். எனக்கு உலை அணைந்ததா என்று பார்க்கவே நேரம் போதவில்லை.

"வேண்டாம் மேடம். தேய்ச்சேன்னே எழுதிக் குடுத்துர்றேன்."

"ஜோலி போகும்."

"போகும் மேடம்." பிறகுதான் ஞாபகம் வந்தது. "அந்த மணல் எல்லாம் இருக்கே, அதை என்ன செய்ய?"

"எந்த மணல்?"

"கழுவின மணல்."

சேர்ந்த முதல் நாள் மேடம் ஒரு சட்டம் சொல்லியிருந்தார். போலிக் கழிவாக இருந்தாலும் நிஜம் என்று நினைத்தே பழக வேண்டும், ஒரு துளியும் சிங்கில் போகக்கூடாது, எல்லாவற்றையும் டின்னில் ஊற்றித் தேதி எழுத வேண்டும். ஒரு மாதம் எல்லோரும் செய்தார்கள். பிறகு எல்லோரும் சிங்கில் ஊற்றினார்கள், மேடம் உட்பட. எனக்கு நிறுத்தப் பயம். யாராவது கேட்டால்? பெஞ்சுக்கு அடியில் பதினொரு பால்பவுடர் டின். ஒவ்வொன்றிலும் காய்ந்த கறுப்பு மணல், தமிழில் தேதி. கூட்டுகிறவர்கள் இரண்டு தடவை தூக்கிப்போடப் பார்த்து என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மேடம் தரையில் மண்டி போட்டு ஒவ்வொரு டின்னாக இழுத்தார். வெள்ளைக் கோட்டு கறுப்பாயிற்று.

"அண்ணாச்சி," என்றார் உள்ளேயிருந்து, "தேய்ச்சுப் போனது எல்லாம் இதிலல்லே கெடக்குது!"

நாலு நாள் வேலை. ராஜதிராவகம் என்று ஓர் அமிலக் கலவை, பொன்னையும் கரைக்கும், பிளாட்டினத்தையும் கரைக்கும். மணலைக் கொதிக்க வைத்து வடிகட்டி, நவச்சாரம் சேர்த்தால் மஞ்சளாக ஒரு பொடி அடியில் இறங்கியது. அதைச் சுட்டதும் சாம்பல் நிறத்தில் ஒரு சிட்டிகை பிளாட்டினம். பார்த்தால் ஊதுவத்திச் சாம்பல்தான். தராசில் வைத்தோம். பூஜ்யம் புள்ளி ஒன்பது மூன்று ஆறு கிராம்.

அன்று சாயங்காலம் பேச்சியை உட்காரவைத்து மெமோவுக்குப் பதில் சொல்லச் சொல்ல, அவள் மலையாளத்தில் எழுதினாள். 'நான்தான் தேய்த்தேன்' என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

"இது எழுதினா நம்மள வெளியாக்குவாங்க அப்பா."

"எழுது."

"பொன்முடிக்குப் போகணும்."

"போகணும்னா போவோம். நீ அன்னைக்குக் கேட்டதுக்கு இதுதான் பதில்."

அவள் பேனாவை எடுத்தாள். எழுதி முடித்து, வரிக்கு வரி விரல் வைத்து எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். அந்த வீட்டில் அவள் அவ்வளவு நேரம் தமிழ் பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

6

மறுபடியும் அதே அறை, அதே நான்கு பேர், அதே மூசை. கூடுதலாகச் சாம்பல் போட்ட ஒரு கண்ணாடிக் குப்பி.

குறுப்பு சார் விளக்கத்தை இரண்டு தடவை படித்தார். "ஈ எழுத்து யாரோடது?"

"மகளோடது சார்."

"நல்ல எழுத்து," என்றார். அந்த ஆபீசிலிருந்து என் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

மேடம் நோட்டைக் காட்டினார், குப்பியைக் காட்டினார், என்னை நிறுத்தினால் அந்த நோட்டு மாதிரி ஒன்றை எழுதுகிற ஆளை இவர்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்றும் கேட்டார். தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. திருட்டு இல்லை. கவனக்குறைவு உண்டு. வேலை தொடரலாம், தினக்கூலியாகவே; நிரந்தரப் பட்டியலில் இந்த வருஷம் பேர் இல்லை. ஒன்று புள்ளி இரண்டு நாலு இரண்டு கிராம், கிராமுக்கு இருநூற்று அறுபது வீதம், முந்நூற்று இருபத்திரண்டு ரூபாய் தொண்ணூற்றிரண்டு காசு. மாதம் முப்பதாகக் கூலியில் பிடித்துக்கொள்ளப்படும்.

"சார், குப்பியில இருக்கிறது கழிக்க வேண்டாமா?" என்றேன்.

குறுப்பு சார் பேரேட்டை என் பக்கம் திருப்பினார். "நோக்கு. 'பிளாட்டினம் மூசை, எண்ணம் ஒண்ணு.' பொடின்னு ஒரு கட்டமே இல்லை. இல்லாத கட்டத்துல நான் எங்ஙனெ வரவு வைக்கும்?"

வர்க்கீஸ் சாரிடம் போனேன். அவர் நல்ல மனுஷன். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். "அண்ணாச்சி, ஸ்டோர் வரவு வச்ச சீட்டு வந்தா, அந்த நிமிஷம் நான் காசு தரும். சீட்டு வரட்டே."

சீட்டு வரப் பேரேட்டில் கட்டம் வேண்டும். கட்டம் போட மேலிடத்து உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு, ஏற்கனவே யாருக்காவது இப்படிப் பணம் திருப்பித் தரப்பட்டிருக்கிறதா என்று முன்மாதிரி வேண்டும். இந்தியாவில் எனக்கு முன்னால் பிளாட்டினத்தை உருளி மாதிரி தேய்த்த ஆள் இல்லையாம்.

பதினோரு மாதம் பிடித்தார்கள். அடுத்த வருஷப் பட்டியலில் பேர் வந்தது, இப்போது நிரந்தரம். பேச்சி பத்தாவது பாஸாகி பிரீ டிகிரி படிக்கிறாள், கெமிஸ்ட்ரி எடுத்திருக்கிறாள். வீட்டில் நான் குழம்புச் சட்டியைத் தொட்டால், "அம்மா, அப்பாகிட்டக் குடுக்கண்டாம், சட்டி இளைச்சுப் போகும்," என்கிறாள். மூசையை இப்போது விரல் நுனியால் கழுவுகிறேன். மங்கலாகவே இருக்கிறது, பார்த்தால் கை பரபரக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது.

குப்பி மேடத்தின் அலமாரியில் இருக்கிறது. எந்தப் பேரேட்டிலும் இல்லாத பிளாட்டினம். நாளைக்கு அதற்கும் ஒரு மெமோ வருமோ என்று மாதம் ஒரு தடவை நான் எடை பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். ஒன்பது மூன்று ஆறு, ஒரு மில்லிகிராம் குறையவில்லை. பிறகு வழக்கம்போல வர்க்கீஸ் சாரிடம் போனேன். "ஃபைல் நீங்குது அண்ணாச்சி, நீங்குது," என்றார், பேனா மூடியைக் கடித்தபடி. நகர்கிறது என்று அர்த்தம்.

மேடம் சுடுகிற கல் இன்னும் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்சம் இளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இன்று டீ நேரத்தில் அவரிடம் சொன்னேன்: "மேடம், உள்ள போனது வெளிய வராத இடம் ஒண்ணு இந்த காம்பவுண்டுக்குள்ளயே இருக்கு. ரெண்டு பெட்டிஷன், நாலு ரிமைண்டர் ஊத்திப் பாத்துட்டேன், ஒரு காசு கசியல. கணக்குப் பிரிவை எதால செஞ்சிருக்காங்கன்னு நீங்க ஆராய்ச்சி பண்ணலாம்." மேடம் டீ புரையேறச் சிரித்தார். கட்டுரையில் போட மாட்டார்.

பிடித்தது முழுவதையும் நான் கேட்கவில்லை. உலைச் சூட்டிலும் என் கையிலும் போய்த் திரும்பக் கிடைக்காத பூஜ்யம் புள்ளி மூன்று பூஜ்யம் ஆறு கிராமுக்கு எழுபத்தொன்பது ரூபாய் ஐம்பத்தாறு காசு. அதை நான் கொடுத்ததாகவே இருக்கட்டும், தேய்த்த கை என்னுடையது. குப்பியில் இருப்பதற்கு மட்டும் கேட்கிறேன். இன்றைய தேதி வரை எனக்கு வரவேண்டிய பாக்கி, இருநூற்று நாற்பத்து மூன்று ரூபாய் முப்பத்தாறு காசு.